காருக்குள் உருண்ட செபமாலை

மகனே,

போன சனிக்கிழமை நீ கதவைச் சாத்திவிட்டுப் போன சத்தம் இன்னும் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை. ஓல்போர்க்கில் உன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாயா என்று அம்மா அனுப்பிய செய்திக்கு ஒரு பெருவிரல் படத்தை மட்டும் அனுப்பினாய். அந்தப் பெருவிரலை அவள் என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து, "இது கோபப் பெருவிரலோ, சும்மாப் பெருவிரலோ, பாத்துச் சொல்லுங்கோ" என்றாள். எனக்கென்ன தெரியும்? அதற்குப் பிறகு நான் அழைப்பு எடுத்தாலும் நீ தொலைபேசியை எடுக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும், அதற்காகவேதான். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன் இடையில் கோபப்பட்டு எழும்பிப் போக மாட்டான். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. மெலனிக்கும் வாசித்துக் காட்டு. புரொண்பியில் இருக்கிற அவளுடைய மாமா கேட்டால் அவருக்கும் கொடு. யார் வாசித்தாலும் எனக்குச் சம்மதம்.

நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ பாதியில் போய்விட்டாய். உன் கல்யாணத்தைப் பேசி முடிக்க மெலனியின் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவளுடைய அப்பா அந்தோனியை உனக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவன், நீ விழுந்தபோது என்னைவிட அதிகமாகப் பதறியவன். சாப்பாடு முடிந்து, தேவாலயத்தில் திருமணம், பிறகு மண்டபத்தில் விருந்து என்று கதை போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புரொண்பி மாமா வாயைத் திறந்தார். "மாப்பிள்ளை ஞானஸ்நானம் எடுத்தாத்தான் இது சரிவரும். இல்லாட்டி எங்கட பிள்ளையை நாங்களே நரகத்துக்குத் தள்ளின மாதிரி. தகப்பன்ரை கதை முடிஞ்ச கதை, அவர் மீட்கப்படாதவர்." சொல்லிவிட்டு என்னை நோக்கி நாடியால் ஒரு சாடை வேறு காட்டினார். கையில் அம்மா சுட்ட ரோல்ஸ். அதை வைத்துவிட்டாவது சொல்லியிருக்கலாம்.

நீ அவரைப் பார்க்கவில்லை. அந்தோனியைப் பார்த்தாய். "மாமா, நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறீங்களோ?" என்று டேனிஷில் கேட்டாய். அந்தோனி தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடுகிறவன் மாதிரிக் குனிந்தே இருந்தான். ஒரு சொல் வரவில்லை. அதற்குப் பிறகுதான் நீ எழும்பினாய். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டதை நான் மறக்கவில்லை. இவ்வளவு காலமும் இந்த மனுசன் உங்களை நரகத்துக்குப் போகிற ஆள் என்று நினைத்துக்கொண்டுதான் எங்கள் வீட்டில் சாப்பிட்டாரா, அப்படியென்றால் இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம் என்றாய். மெலனி உள்ளே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நீ வாசலில் கேட்ட கேள்விக்குப் பதில் என்னிடம் இப்போது இருக்கிறது. அந்தப் பதிலை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரியும் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல, நீ பிறப்பதற்கு முந்திய காலத்துக்குப் போக வேண்டும்.

நீ பள்ளிக்கூடத்தில் தமிழ் வழக்கு என்ற அந்த அகதி விவகாரத்தைப் பற்றிப் படித்திருக்கிறாய். ஒரு பரீட்சைக்கு என்னிடமே வந்து கேள்வி கேட்டாய், நான் எதையோ சொல்லிச் சமாளித்தேன். அகதியாக வந்தவன் தன் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்று இந்த நாட்டுச் சட்டம் சொன்னது. தமிழருடைய கோப்புகளை மட்டும் தொடாமல் வைத்திருங்கள் என்று மேலிடத்தில் ஒரு மந்திரி சொன்னார். பிறகு அது வெளியில் வந்து, விசாரணை நடந்து, அரசாங்கமே விழுந்தது. உன் புத்தகத்தில் அவ்வளவுதான் இருக்கும். அந்தக் காலத்தில் நானும் அந்தோனியும் ஹேர்னிங்கில் ஒரே வீட்டில் இருந்தோம். நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரன், அவன் மன்னாரில் பிறந்த வேதக்காரன், கத்தோலிக்கன். இரண்டு பேருக்கும் ஒரே பின்னல் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு பேரும் மனைவிக்காக விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். ஊரில் சண்டை. இங்கே வரும் ஒவ்வொரு தபாலுக்கும் வாசலுக்கு ஓடுவோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் போலக் காத்திருக்கிற பெடியள் எல்லாரும் அந்த வீட்டில் கூடுவார்கள். கோழிக்கறி கொதிக்கும்போது ஒரே ஒரு கதைதான் நடக்கும்: யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது. "உவனுக்குக் கிடைக்கும், உவன் டேனிஷ் நல்லாக் கதைக்கிறான்." "உவனுக்கு நிச்சயமாக் கிடையாது, உவன் குடிகாரன், பொலிஸிலயும் பேர் இருக்கு." எங்களுக்குள் பெரிய நீதிபதி நான்தான். ஆளைப் பார்த்த உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவேன், எல்லாரும் தலையாட்டுவார்கள். கடைசியில் கோப்புகள் திறந்தபோது யாருடைய மனைவி முதலில் வந்து இறங்கினாள் தெரியுமா? அந்தக் குடிகாரனுடைய மனைவி. டேனிஷ் நன்றாகக் கதைத்தவன் கடைசி ஆள். நாங்கள் பக்கத்தில் இருக்கிறவனைத் தராசில் போட்டு நிறுத்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, அங்கே ஒருவரும் எங்கள் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தத் தராசு எங்களுடைய தலைக்குள் மட்டும்தான் இருந்தது. கடவுளை நான் அந்த மந்திரியோடு ஒப்பிடவில்லை, அம்மா கேட்டால் தும்புத்தடியோடு வருவாள். ஒப்பிடுவது எங்களைத்தான்.

அந்தக் குளிர்காலத்தில் எனக்கு வயிற்றுக்குத்து வந்தது. வாய்வு என்று நினைத்து இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். குடல்வால் வெடித்து, நஞ்சு வயிறு முழுக்கப் பரவிய பிறகுதான் அந்தோனி என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சத்திரசிகிச்சைக்குப் பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை. டொக்டர் வந்து அவனிடம் நீளமாக ஏதோ சொன்னாராம். அவனுடைய அன்றைய டேனிஷுக்கு அதில் ஒரு சொல் மட்டும் விளங்கியது. சாவு. சாக மாட்டான் என்று சொன்னாரோ, சாவான் என்று சொன்னாரோ, அவனுக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக் கிடந்தேன். ஆனால் எனக்குக் காது கேட்டது.

கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. கிளாஸில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒரு கை என் பிடரிக்குக் கீழே போய்த் தலையைத் தூக்கிப் பிடித்தது. பிறகு நெற்றியில் குளிர்ந்த தண்ணீர், ஒரு தரம், இன்னொரு தரம், இன்னொரு தரம். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே" என்று அந்தோனி அழுதுகொண்டு சொன்னான். வேதக்காரரில் ஒரு வழக்கம் இருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்காது. சாகப்போகிற ஆளுக்குப் பக்கத்தில் குருவானவர் இல்லையென்றால், யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அந்தோனி எனக்குக் கொடுத்தான். தண்ணீர் காதுக்குள் ஓடியது. அவன் தன் சேட்டு நுனியால் அதைத் துடைத்துவிட்டான்.

நான் சாகவில்லை. அதுதான் பிரச்சினையாய்ப் போனது.

வீட்டுக்கு வந்த முதல் நாளே, அலுமாரித் தட்டில் இருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினேன். உயிர் தந்தவருக்கு நன்றி சொல்ல வேண்டாமா? திரும்பிப் பார்த்தால் அந்தோனியின் முகத்தில் இரத்தமில்லை. எழும்பி வெளியே போய்விட்டான், அந்தக் குளிரில் ஜாக்கெட்கூடப் போடாமல். அன்றிலிருந்து நான் சாமி கும்பிடுகிற நேரமெல்லாம் அவன் அறையில் நிற்க மாட்டான். எங்கள் சாமியை அவனுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். மனத்துக்குள் ஒரு சின்ன முள்ளாக அது கிடந்தது. தண்ணீர் ஊற்றியதைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. உயிர் போகிற நேரத்தில் கையில் இருந்ததை எல்லாம் எனக்காகச் செய்து பார்த்திருக்கிறான், அதைக் கேட்டு அவனைக் கூச வைப்பானேன் என்று விட்டுவிட்டேன். பிறகு அம்மாவும் மெலனியின் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள், நீங்கள் பிறந்தீர்கள், ஹேர்னிங்கில் எங்களுக்கு ஒரு கோயிலும் வந்தது. அந்தக் கோயிலுக்கு என்னை வெள்ளிக்கிழமைகளில் யார் கூட்டிக்கொண்டு போவது? அந்தோனிதான். ஒரு கண் பழுதாகி நான் கார் ஓட்டுவதை விட்டதிலிருந்து அவன்தான் காரை ஓட்டுகிறான். நான் உள்ளே போவேன், அவன் காரை விட்டு இறங்க மாட்டான். குளிரென்றாலும் இறங்க மாட்டான். நீ சின்னவனாக இருந்தபோது, "மாமா ஏன் உள்ளுக்கு வாறேல்லை?" என்று கேட்டாய். அவருக்குக் கால் நோகுது என்று சொன்னேன்.

நீ கோபித்துக்கொண்டு போன சனிக்குப் பிறகு வந்த திங்கட்கிழமை அவனிடம் போனேன். கராஜில் குளிர்கால டயர் மாற்றிக்கொண்டிருந்தான். நான் ஆணிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். பிறகு, "பெடியன் கேட்டதுக்கு ஏன்ரா வாய் திறக்கேல்லை?" என்று கேட்டேன். அவன் டயருக்கு முன்னால் குந்தி இருந்தபடியே அழத் தொடங்கிவிட்டான்.

"மச்சான், நான் உன்னை ஒண்டும் கேக்காமல் ஒரு வேலை செய்துபோட்டன்" என்றான்.

"தண்ணி ஊத்தினதையோ சொல்லுறாய்? எனக்கு அது அண்டைக்கே தெரியும்" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது. ஆணி இறுக்குகிற சாவி கையிலிருந்து விழுந்தது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் கொட்டினான். சின்ன வயதில் மன்னாரில் ஞானோபதேசம் படிப்பித்த உபதேசியார் இரண்டு விஷயத்தைப் பிரம்போடு படிப்பித்தாராம். ஞானஸ்நானம் இல்லாதவனுக்கு மோட்சம் இல்லை. ஞானஸ்நானம் எடுத்த பிறகு வேறு சாமி கும்பிடுகிறவனுக்கு, ஒன்றும் தெரியாதவனைவிட இரண்டு மடங்கு தண்டனை. இப்போது விளங்குகிறதா உனக்கு? அவன் என்னை மோட்சத்துக்கு அனுப்பத்தான் தண்ணீர் ஊற்றினான். நானோ சாகாமல் எழும்பி வந்து பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்துகிறேன். தான் தலையிடாமல் விட்டிருந்தால் ஒன்றும் தெரியாத சைவக்காரனாகவாவது நான் தப்பியிருப்பேன், தானே என்னைப் பெரிய நரகத்துக்குள் தள்ளிவிட்டதாக அவன் நினைத்தான். நான் கொளுத்திய ஒவ்வொரு கற்பூரத்தையும் அவன் தன்னுடைய கணக்கில் எழுதிக்கொண்டான். கோயில் வாசலில் காருக்குள் இருந்து அவன் செய்தது எனக்காகச் செபமாலை உருட்டியதுதான். நான் உள்ளே அர்ச்சனை செய்து முடிக்கிற வரைக்கும் அவன் வெளியே எனக்காக மன்றாடிக்கொண்டிருந்தான். தேவாலயத்துச் சுவாமிமாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ஓம், அது செல்லும், அவன் கெட்டான் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

"அந்த மாமா மீட்கப்படாதவர் எண்டு சொன்னதுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? நீ வெறும் மீட்கப்படாதவனா இருந்தாலாவது பரவாயில்லையே எண்டுதான் நான் நினைச்சனான்" என்றான்.

நான் சிரித்துவிட்டேன். கோபிக்காதே, சிரிப்பு வந்துவிட்டது. "விசரா, இவ்வளவு காலமும் இதையோ சுமந்துகொண்டு திரிஞ்சனி?" என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "அப்ப நான் இவ்வளவு வருசமும் ஒரு வேதக்காரனுக்கோ கந்தசஷ்டி விரதச் சாப்பாடு சமைச்சனான்?" என்றாள்.

வியாழக்கிழமை அவனை இழுத்துக்கொண்டு தேவாலயத்துக் குருவானவரிடம் போனேன். வியட்நாமியப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவர், உன் வயதுதான் இருக்கும், இந்தப் பக்கத்து யூலண்ட் ஆட்களைப் போலவே சொற்களைப் பாதி விழுங்கிக் கதைப்பார். கோப்பி ஊற்றித் தந்தார். அந்தோனி குற்றவாளி மாதிரிக் கதிரை நுனியில் இருந்து எல்லாவற்றையும் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வளர்ந்த மனிதருக்கு ஞானஸ்நானம் என்றால் அவருடைய சொந்த விருப்பம் வேண்டும், விருப்பம் இல்லையென்றால் அது வெறும் தண்ணீர்தான் என்றார். அந்தோனிக்கு அரை உயிர் வந்தது. அப்போது அவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு நினைவு இருந்தது என்கிறீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் அதை விரும்பினீர்களா?"

மகனே, ஓம் என்று சொன்னால் நான் ஞானஸ்நானம் பெற்றவன், அந்தோனியின் பயமெல்லாம் நியாயம். இல்லை என்று சொன்னால் அன்றைக்கு அவன் அழுதுகொண்டு செய்தது வெறும் தண்ணீர். அந்தோனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்ல மனமில்லை. உண்மையைச் சொன்னேன். "எனக்கு மோட்சமும் நினைவில்லை, பிள்ளையாரும் நினைவில்லை. என் தலையைப் பிடித்த அந்தக் கையை இவன் எடுத்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் என் விருப்பமாக இருந்தது" என்றேன்.

குருவானவர் கோப்பிக் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "இதை என்னால் தீர்க்க முடியாது. நல்லவேளை, தீர்க்கச் சொல்லி என்னிடம் யாரும் தரவும் இல்லை" என்றார். அந்தோனி விடவில்லை. "அப்ப இவன் மோட்சத்துக்குப் போவானோ, இல்லையோ? அதைச் சொல்லுங்கோ" என்று மல்லுக்கு நின்றான். அவர் சொன்னது இது: எங்கள் திருச்சபை, இன்னார் மோட்சத்தில் இருக்கிறார் என்று எத்தனையோ பேரைப் பெயர் சொல்லி அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று இன்றுவரை ஒருவருடைய பெயரையும் அறிவித்ததில்லை.

"யூதாசையுமோ?" என்றான் அந்தோனி.

"யூதாசையும்தான்" என்றார் அவர்.

அந்தோனி வாயைத் திறந்தபடி இருந்தான். உபதேசியார் அவனுக்கு இதைப் படிப்பிக்கவில்லை. நரகம் இல்லை என்று குருவானவர் சொல்லவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். கதவு இருக்கிறது, யார் உள்ளே யார் வெளியே என்று பார்க்கும் கண் எங்களுக்குத் தரப்படவில்லை என்றுதான் சொன்னார். ஆண்டவருக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, அன்றைக்கே மோட்சம் பெற்ற கள்ளனைப் பார்த்து, அன்று பின்னேரம் அவன் எங்கே இருப்பான் என்று கீழே நின்றவர்களில் யார் சரியாகச் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டார். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறிதான் ஞாபகம் வந்தது. கீழே நின்றிருந்தால் முதல் தீர்ப்பு என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

வெளியே கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் அந்தோனி காரில் சாய்ந்து நின்று, அழுதுகொண்டே சிரித்தான். "யூதாசுக்கே சொல்லேலாது எண்டா, உனக்கு என்னடா குறை" என்று என் முதுகில் ஓங்கி ஒரு அடி. இன்னும் நோகிறது. அவனை நான் இதற்கு முன் அப்படிப் பார்த்தது, அவன் மனைவி விமான நிலையத்தில் கதவைத் தாண்டி வந்த அன்றைக்குத்தான்.

இனி உன்னுடைய விஷயம். திருமணத்துக்காக நீ ஞானஸ்நானம் எடுக்க வேண்டியதில்லை. ஆயரிடம் அனுமதி வாங்கி நடத்தலாம் என்று குருவானவரே சொன்னார். புரொண்பி மாமா பயமுறுத்தினார் என்பதற்காக எடுக்காதே. அவரோடு உள்ள கோபத்தில் ஒருநாளும் எடுக்க மாட்டேன் என்று சத்தியமும் செய்யாதே. என்றைக்காவது உனக்காகவே வேண்டும் என்று தோன்றினால், அன்றைக்கு நானே வந்து பக்கத்தில் நிற்பேன். அந்த மாமாவையும் நீ தூக்கி எறியக் கூடாது. குடித்துக் குடித்து அழியப் பார்த்த மனுசன். அவரை எழுப்பி நிறுத்தியது அவர் போய்ச் சேர்ந்த செபக்கூட்டம்தான். தண்ணீரில் மூழ்கி எழும்பியவனுக்கு, கரையில் நிற்கிறவன் எல்லாரும் மூழ்குகிற மாதிரித்தான் தெரியும். வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அவர் நரகத்துக்குப் போவார் என்று நீ நினைத்தால், நீயும் அவரும் ஒரே கதிரையில்தான் இருக்கிறீர்கள்.

ஒன்றை மட்டும் என்னைப் பார்த்துப் பழகிக்கொள். நான் கற்பூரம் கொளுத்தியபோது அந்தோனி அறையை விட்டு வெளியே போனதைப் பார்த்து, அவனுக்கு என் சாமி பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். நீ அவன் குனிந்து இருந்ததைப் பார்த்து அவன் உன் அப்பாவைத் தள்ளிவிட்டான் என்று முடிவு கட்டினாய். ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்ட ஆளின் மௌனத்தையே எங்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை. மெலனியோடு வாழப்போகிறவனுக்கு இது உதவும். பேசாமல் இருக்கிறவளிடம் போய், ஏன் பேசவில்லை என்று கேள். கராஜில் என்றாலும் பரவாயில்லை, போய்க் கேள்.

நேற்று வெள்ளிக்கிழமை. வழக்கம் போல அந்தோனி வந்து என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நான் இறங்கி நடந்தேன். பின்னால் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவன் வருகிறான். சப்பாத்தைக் கழற்றி என்னுடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தான். கும்பிடவில்லை, திருநீறு பூசவில்லை, பின்சுவரோடு சாய்ந்து நின்றான். ஒரு கை காற்சட்டைப் பொக்கற்றுக்குள் இருந்தது. உள்ளே என்ன உருளுகிறது என்று எனக்குத் தெரியும்.

பூசை முடிந்ததும் கிட்டப் போய், "இன்னும் எனக்கோ உருட்டுறாய்?" என்று கேட்டேன்.

"உனக்கு இனி ஏன்? இது உன்ரை மகனுக்கு" என்றான். "நானும் ஒரு கிழமையாப் பாக்கிறன், நான் எடுத்தா ஃபோனை எடுக்கிறானில்லை."

எடு, தம்பி.

அப்பா